சக்கரம் ஏறாத மலைக்குப் படகு ஏறிய கதை

கொடைக்கானல் ஏரிக்கரை. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. படகு இல்லத்து வாசலில் டிக்கெட்டுக்கு நீண்ட வரிசை. ஒரு கையில் மிளகாய்த்தூள் தடவிய சோளக்கதிர், தோளில் தூங்கும் குழந்தை, "இன்னும் எத்தனை பேருங்க முன்னால?" என்ற விசாரிப்பு. ஒரு மணி நேரம் நின்று, அரை மணி நேரம் பெடல் மிதித்து, நனைந்த பேன்ட்டோடு சிரித்துக்கொண்டே இறங்கி வருகிறார்கள்.

அந்த வரிசையில் நிற்பவர்கள் அநேகமாகக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர் இது. ஆற்று வழியாகப் படகு வந்து சேரவும் வாய்ப்பில்லை. அப்படியானால் இந்தப் படகெல்லாம் எப்படி மேலே வந்தது?

இன்றைய படகுகளுக்குப் பதில் எளிது. ஃபைபர் படகை லாரியில் ஏற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, வத்தலக்குண்டு வழியாகக் கொண்டுவந்துவிடலாம். முதல் படகின் கதை அப்படிப்பட்டதல்ல. அது வந்த காலத்தில் இந்த மலைக்குச் சாலையே கிடையாது.

கொடைக்கானலுக்கு வெள்ளைக்காரர்களின் வரவு 1821-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு லெப்டினன்ட் வார்டு என்ற அளவையாளர் மலையை அளக்க வந்தார். 1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பிக்க இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அப்போது இன்றைய ஏரி கிடையாது. ஓடை பாயும் சதுப்புப் பள்ளம்தான் இருந்தது. மதுரை கலெக்டராக இருந்த சர் வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் அந்தப் பள்ளத்தின் வாயில் கரை எழுப்பித் தண்ணீரைத் தேக்கினார். நட்சத்திரம்போலக் கை நீட்டிக் கிடக்கும் 60 ஏக்கர் ஏரி அப்படி உருவானது. ஏரியில் மீன் விட்டவரும் அவர்தான். ஏரி இருந்தால் படகு வேண்டாமா? தூத்துக்குடியிலிருந்து ஒரு படகை வரவழைத்தார்.

'தூத்துக்குடியிலிருந்து படகு வந்தது' என்று கொடைக்கானல் வரலாறுகள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகின்றன. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்ப்போம். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கே சுமார் 140 கிலோமீட்டர். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் வந்தது 1870-களின் நடுவில். எனவே அந்தத் தூரம் முழுக்க மாட்டுவண்டிக் காலம். மதுரையிலிருந்து பெரியகுளம் பக்கம் வரை மறுபடியும் வண்டிப் பாதை. அதன்பின் மலை. அங்கே வண்டி நின்றுவிடும். மாடு மேலே ஏறும், மனிதன் ஏறுவான், சக்கரம் ஏறாது.

காலுக்கு 12 மைல், சக்கரத்துக்கு 50 கிலோமீட்டர்

பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு என்று ஓர் இடம். அந்தக் காலக் கொடைக்கானல் பயணத்தின் கடைசி 'பஸ் ஸ்டாப்' அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து செண்பகனூர் வழியாகக் கொடைக்கானலுக்குச் சுமார் 12 மைல் நடைபாதை. ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பெயர் 'கூலி காட்'. யாருடைய காலால் அந்தப் பாதை இயங்கியதோ அவர்களின் வேலையே பாதைக்குப் பெயராகிவிட்டது. அவர்களின் சொந்தப் பெயர்களை யாரும் குறித்து வைக்கவில்லை.

1875-ல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இன்று 'கொடைக்கானல் ரோடு' என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் ஸ்டேஷன் அதுதான். மாலையில் அங்கே இறங்கி, மாட்டுவண்டியில் வைக்கோல் மெத்தைமேல் படுத்து, இரவு முழுக்க ஆடிக்கொண்டே போனால் விடியும்போது தோப்பு வரும். அதன்பின் ஆண்கள் குதிரையிலோ நடந்தோ போவார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கேன்வாஸ் நாற்காலியில் உட்கார வைத்து, மூங்கில் கோர்த்து, ஆட்கள் தோளில் சுமந்து ஏறுவார்கள். பெட்டி, படுக்கை, அரிசி, சோடா பாட்டில், கட்டில், கண்ணாடிச் சன்னல் எல்லாமே தலைச்சுமைதான்.

சாலை போடாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அடிவாரத்திலிருந்து ஊருக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் ஏற்றம். நடைபாதை அதை 12 மைலில், அதாவது 19 கிலோமீட்டரில் ஏறிவிடுகிறது. 10 அடி நடந்தால் 1 அடி உயரம். காலுக்கு அது மூச்சு வாங்கும் ஏற்றம், அவ்வளவுதான். பாரவண்டியைக் கட்டி இழுக்கும் மாட்டுக்கு அது ஆகாத காரியம். சக்கரத்துக்குச் சாய்வு குறைவாக இருக்க வேண்டும். சாய்வைக் குறைத்தால் நீளம் கூடும். மேஜர் லா என்ற பொறியாளர் 1870-களில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வேறு வழியில் சாலைக்குக் கோடு போட்டார். மலையின் மடிப்பெல்லாம் புகுந்து வளைந்து வரும் பாதை அது. மலைப்பகுதி மட்டும் 50 கிலோமீட்டரைத் தொடும். 'லாஸ் காட்' என்று இன்றும் அவர் பெயரில்தான் அந்தச் சாலை வழங்குகிறது. தொடங்கிய வேலை பாதியில் நின்று, பல ஆண்டு கிடந்து, கடைசியில் 1914-ல்தான் கொடைக்கானல் வரை முடிந்தது.

கணக்கைக் கவனியுங்கள். ஏரி வெட்டியது 1863. படகு கிளப் தொடங்கியது 1890. சாலை முடிந்தது 1914. அதாவது கொடைக்கானலில் படகு கிளப்புக்கு 24 வயதான பிறகே சக்கரம் ஒழுங்காக ஊருக்குள் வந்தது. அதுவரை ஏரியில் இறங்கிய படகெல்லாம் இந்த மலையை மனித பலத்தில் ஏறியவை.

டெக்சாஸ் சித்தப்பா கேட்ட கேள்வி

இன்று நிலைமை வேறு. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ சொந்தக்காரர் இருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். வீட்டு வாசலில் லாரி கணக்காக ஒரு எஸ்யூவி. அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய டிரெய்லர். டிரெய்லர்மேல் ஒரு படகு. சனிக்கிழமை காலையில் குடும்பத்தோடு கிளம்பி, ஏரிக்கரைச் சரிவில் வண்டியைப் பின்னோக்கி இறக்கி, டிரெய்லர் தண்ணீருக்குள் மூழ்கும் அளவுக்குத் தள்ளினால் படகு தானாக மிதந்து கழன்றுகொள்ளும். மாலையில் அதே வழியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பலாம்.

அப்படிப்பட்ட ஒரு சித்தப்பா விடுமுறைக்கு ஊருக்கு வந்து, கொடைக்கானல் ஏரியைப் பார்த்துவிட்டு, "இங்க ஏன்ப்பா யாரும் சொந்தப் படகைக் கட்டி இழுத்துட்டு வர்றதில்ல? வண்டிதான் இங்கயும் இருக்கே!" என்று கேட்டால் என்ன சொல்வது?

ஏரியில் ஓடும் படகுகள் கிளப்புக்கும் சுற்றுலாத் துறைக்கும் நகராட்சிக்கும் உரியவை, வருகிறவர்கள் வாடகைக்குத்தான் எடுக்க முடியும் என்பது முதல் பதில். அது நிர்வாகத்தின் பதில். மலை சொல்லும் பதில் அதைவிட சுவாரசியமானது.

வண்டியின் பலத்தில் குறை இல்லை. டொயோட்டா லேண்ட் குரூசர் 3,500 கிலோ வரை கட்டி இழுக்கும். அமெரிக்காவில் ஓடும் செவ்ரோலெட் டாஹோ 3,800 கிலோ. நம் ஊர்ச் சிறிய மீன்பிடிப் படகை டிரெய்லரோடு சேர்த்தாலும் அதில் பாதி வராது. உயரம் போகப் போகக் காற்று மெலியும், எஞ்சின் திணறும் என்பார்கள். உண்மைதான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 1 சதவீத சக்தியை இழக்கும். கொடைக்கானல் வரும்போது ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போ டீசலுக்கு அந்தக் கவலை குறைவு. அதோடு, வண்டியும் படகும் சேர்ந்து 5 டன் என்றே வைத்துக்கொண்டாலும், 20-க்கு 1 என்ற சாய்வில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற, உருளும் சக்கரத்தின் இழுப்பையும் சேர்த்து, 30, 40 குதிரைத்திறன் போதும். லேண்ட் குரூசரில் இருப்பது 300. ஆக, ஏறுவது பிரச்னையே இல்லை. சித்தப்பாவின் எஸ்யூவி பாட்டுப் போட்டுக்கொண்டே ஏறிவிடும்.

ஆனால் ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது. முதலில் திரும்பத் தெரிய வேண்டும்.

டிரெய்லரின் சக்கரம் முன்வண்டியின் தடத்திலேயே வராது. வளைவில் அது குறுக்கு வழி பிடிக்கும். கொக்கி 8 மீட்டர் ஆரத்தில் வட்டமடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 5 மீட்டர் பின்னால் சக்கரம் இருக்கும் டிரெய்லர் 6 மீட்டர் சொச்ச ஆரத்தில்தான் சுற்றும். ஏறக்குறைய 2 மீட்டர் உள்பக்கம் வாங்கிவிடும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் என்றால் பாறைச்சுவர், இல்லாவிட்டால் வடிகால். அதைத் தவிர்க்க வெளிப்பக்கம் அகலமாக எடுத்தால், எதிரே இறங்கிவரும் பஸ்ஸின் தடத்தில் நிற்கவேண்டி வரும். பஸ் டிரைவர் விளக்கைப் போட்டு அணைத்துக் காட்டுவார். பின்னால் பத்து கார்கள் ஹாரன் அடிக்கும்.

அடுத்த கட்டம் பின்னோக்கி எடுப்பது. இங்கேதான் டிரெய்லரின் முழுக் குணமும் தெரியும். பின்னோக்கி வரும்போது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். இடப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம். கொஞ்சம் அதிகமாக ஒடித்துவிட்டால் இரண்டும் கத்தரிபோல மடங்கி நிற்கும். மதுரை மார்க்கெட்டில் டிராக்டர் டிரெய்லரை ஒரே மூச்சில் சந்துக்குள் பின்னால் விடும் டிரைவரைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வித்தை என்று தெரியும். கீழே நிற்கும் பையன், "ஒடிங்கண்ணே... இன்னும் ஒடிங்க... நேர் பண்ணுங்க... வரலாம் வரலாம்... போதும்ணே!" என்று பின்தட்டைத் தட்டுவான். மலை வளைவில் அந்தப் பையன் நிற்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருக்கிறது.

பாரம் ஏற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதை வெளிநாட்டுப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. நம் வண்டிக்காரர்களே சொல்வார்கள். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் மாட்டுவண்டி காலத்தவை. பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். அதனால் மூட்டைகளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி அடுக்குவார்கள். டிரெய்லருக்கும் அதே நியாயம்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் உட்கார வேண்டும். 2,000 கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ. அதற்குக் குறைந்து பின்பாரம் ஆகிவிட்டால், வேகத்தில் டிரெய்லர் நாய் வாலாட்டுவதுபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் முன்வண்டியையும் சேர்த்துச் சுழற்றி எறிந்துவிடும். படகில் எஞ்சின் இருப்பது பின்பக்கம் என்பதால் இந்தத் தொல்லை படகுக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

தேருக்கு முட்டுக்கட்டை, வண்டிக்கு கியர்

திரும்பிவிட்டோம், ஏறிவிட்டோம். மறுநாள் இறங்க வேண்டுமே!

மலைச்சாலையில் உண்மையான சோதனை இறக்கம்தான். 5 டன் எடை 1,800 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது. அந்த உயரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? கணக்குப் போட்டால், 300 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் வருகிறது. கல்யாண வீட்டு அண்டாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். கால் பிரேக்கையே அழுத்திக்கொண்டு இறங்கினால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி சக்கரத்துக்குள் இருக்கும் சில தட்டுகளிலும் பட்டைகளிலும் இறங்கும். முதலில் கருகிய வாடை. பிறகு புகை. அதற்கும் அடங்காவிட்டால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டி, பெடல் பஞ்சுமாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது.

பின்னால் டிரெய்லர் இருந்தால் இது இரட்டிப்பு. வளைவுக்கு வேகம் குறைக்கும் ஒவ்வொரு முறையும் டிரெய்லர் பின்னாலிருந்து முன்வண்டியைத் தள்ளும். அதனால்தான் ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் 'சர்ஜ் பிரேக்' இருக்கும். டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளினால், அந்தத் தள்ளுவிசையாலேயே பிரேக் பிடித்துக்கொள்ளும் எளிய ஏற்பாடு. சமதரையில் அருமையாக வேலை செய்யும். டிரெய்லர் 50 கிலோமீட்டர் ஓயாமல் தள்ளிக்கொண்டே வரும் மலை இறக்கத்தில் என்ன ஆகும்? பிரேக்கும் ஓயாமல் பிடித்துக்கொண்டே வரும். டிரைவர் முன்னால் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார், பின்சக்கரம் அடுப்பாகிக்கொண்டிருக்கும்.

பாரம் இழுப்பதில் நிறுத்துவதுதான் கடினம் என்பது தமிழனுக்குப் புதிதல்ல. பழனிமலைத் தொடரின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் பழனிக்குத் தைப்பூசத்துக்கோ பங்குனி உத்திரத்துக்கோ போயிருப்பவர்கள் தேரோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர். பின்னாலிருந்து முட்டித் தள்ள கோயில் யானை. இத்தனை பேர் பலத்தையும் கட்டுப்படுத்துவது யார்? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து ஓடும் சிலர்; அவர்கள் கையில் மரக்கட்டை. சக்கரத்தின் அடியில் சரியான நொடியில் கட்டையைச் செருகினால் தேர் நிற்கும். ஓரமாகச் செருகினால் தேர் திரும்பும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அந்தக் கட்டைதான். நாம் என்னவோ 'முட்டுக்கட்டை போடுகிறவன்' என்றால் காரியத்தைக் கெடுப்பவன் என்று திட்டுகிறோம். தேரடியில் அவர் இல்லாவிட்டால் தேர் வீட்டுத் திண்ணைக்குள் புகுந்துவிடும்.

அதே ஊரில் இன்னொரு தீர்வும் இருக்கிறது. முருகன் கோயில் குன்றுக்கு 1966 முதல் ஓடும் விஞ்ச். கம்பிவடத்தின் ஒரு நுனியில் ஒரு பெட்டி ஏறும்போது மறுநுனியில் இன்னொரு பெட்டி இறங்கும். இறங்குகிற பாரத்தின் எடை ஏறுகிற பாரத்துக்கு உதவும். மோட்டாருக்கு மிச்ச வேலைதான். 2004-ல் வந்த ரோப் காருக்கும் கம்பிவடம்தான் ஆதாரம். சாலையில் போகிற வண்டிக்கு அப்படி எதிர்நுனியில் யாரும் கிடையாது. அதற்கு இருப்பது கியர்.

'எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு' என்பது மலை டிரைவர்களின் பாடம். கியரைக் குறைத்தால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும், சூட்டின் பெரும்பகுதி எஞ்சின் வழியாக வெளியேறும், பிரேக் குளிர்ந்திருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களில் பலர் 'டி'யில் போட்டுவிட்டு பிரேக்கிலேயே இறங்குகிறார்கள். அந்த வண்டிகளிலும் கியரைக் கையால் மாற்றும் வசதி இருக்கிறது. மலையில் அதைப் பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது விபரீதம். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்து, அரை மணி நேரம் டீ குடிக்கலாம். டம்டம் பாறையில் நிறுத்தினால் எதிரே தலையாறு அருவி தெரியும். 297 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளை நூலாக விழுவதால் எலிவால் அருவி என்றும் பெயர். பிரேக் ஆறும்வரை பார்ப்பதற்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது.

குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தில் பாரத்தோடு நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது சிரமம் என்பதே காரணம். பெரிய வண்டியில் வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

12 மீட்டர்

இத்தனையும் தெரிந்த ஒருவர் துணிந்து கிளம்பினாலும், இப்போது காகிதத்திலும் ஓர் அளவு இருக்கிறது. 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்கள் கொடைக்கானல் மலைச்சாலைகளில் ஏறக்கூடாது என்று 2024 நவம்பரில் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. பெரிய சொகுசுப் பேருந்துகளும் நீள லாரிகளும் வளைவில் மாட்டி, மணிக்கணக்கில் சாலையை அடைத்ததன் விளைவு. எஸ்யூவி 5 மீட்டர். 6 மீட்டர் படகைத் தாங்கும் டிரெய்லர் கொக்கியிலிருந்து வால்வரை 7 மீட்டர். கூட்டிப் பாருங்கள், சரியாகக் கோட்டில் வந்து நிற்கும். அது தவிர, டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் அது காரின் வால் அல்ல, தனி வாகனம்.

வாகன நெருக்கடி அதோடு முடியவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று எண்ணிக்கையையும் வரையறுத்தார்கள். மலை தாங்கும் பாரத்துக்கு நீதிமன்றம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கூடாரம், சைக்கிள், சமையல் சாமான் என்று குடும்பமாகக் கிளம்புகிறவர்களுக்கு வண்டியின் கூரையே போதும். படகு மேலே இருக்கிறது.

தோளில் வந்தவை

1932-ல் படகு கிளப் தன் படகுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. அதற்குள் சாலையும் வந்து, மோட்டார் பஸ்களும் ஏறத் தொடங்கியிருந்தன. கூலி காட் மெல்ல மெல்லப் புதர் மண்டியது.

ஆனால் சாலை வருவதற்கு முந்தைய அந்த அரை நூற்றாண்டில் மேலே போன பொருட்களின் பட்டியலைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். படகு அதில் ஒன்றுதான். ஏரியிலிருந்து சற்று மேலே இருக்கும் சூரிய ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1899-ல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் பணிகள் இங்கே மாற்றப்பட்டன. 1901-ல் சூரியனைப் பார்க்கும் வேலை தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது இங்கேதான். உலகம் முழுக்க வானியல் மாணவர்கள் அதை 'எவர்ஷெட் விளைவு' என்று படிக்கிறார்கள். அப்போதும் லாஸ் காட் சாலை முடிய இன்னும் 5 ஆண்டுகள் இருந்தன. தொலைநோக்கிக் குழாய்கள், வில்லைகள், கண்ணாடிகள், இரும்புத் தாங்கிகள் எல்லாம் சக்கரத்தில் வந்தவை அல்ல. தவறிக் கீழே விட்டால் மறுபடி இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டிய கண்ணாடியை, ஈரப் பாறையில் வெறுங்காலோடு சுமந்து ஏறியவர்கள் இருந்தார்கள். மேலே வந்த கண்ணாடிகள் வேலை செய்தன என்பதே அவர்கள் சரியாகச் சுமந்தார்கள் என்பதற்குச் சாட்சி. எவர்ஷெட்டின் பெயர் அந்த விளைவில் இருக்கிறது. லெவிஞ்சுக்கு ஊரில் நினைவுச்சின்னம் இருக்கிறது. சாலையில் லாவின் பெயர் இருக்கிறது.

அந்தத் தோள்வேலை முழுக்கப் பழங்கதை ஆகிவிடவும் இல்லை. பெரியகுளம் கும்பக்கரையிலிருந்து வட்டக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில், மலையின் நடுமடிப்பில் வெள்ளகவி இருக்கிறது. கொடைக்கானலுக்கு முன்பே இருந்த ஊர் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் அங்கே குதிரை முதுகிலோ மனிதர் தலையிலோதான் போய்ச்சேர்ந்தன. விளைந்த காபியும் மிளகும் அதே வழியில் வெளியே வந்தன. பக்கத்து மலைக் கிராமங்களான சின்னூர், பெரியூரிலும் இதே கதைதான். மழைக்காலத்தில் கல்லாறு பெருகிவிட்டால் வழியும் அடைபட்டுப் போகும். சாலை கேட்டு அந்த மக்கள் மனு கொடுப்பதும், நோயாளியைச் சுமந்து வந்த படம் பத்திரிகையில் வருவதும் ஆண்டுதோறும் நடக்கிறது.

பிரசவ வலி எடுத்தாலோ பாம்பு கடித்தாலோ அங்கே முதலில் தேடுவது ஒரு நீள மூங்கிலும் ஒரு போர்வையும். போர்வையைத் தொட்டில்போல மூங்கிலில் கட்டுவார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். தோள் மாற்ற இன்னும் நான்கு பேர் கூடவே நடப்பார்கள். இறக்கத்தில் முன்னால் போகிறவர் உயரமானவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயாளி சரிந்துவிடுவார். அதனால் கிளம்பும் முன் ஆட்களை உயரம் பார்த்து நிறுத்திக்கொள்கிறார்கள்.